வாய்க்காலை முதலில் வெட்டுங்கள்: 16 கலங்களுள்ள இணைக்கணிப்புச் சிப் ஒன்றை வடிவமைப்பது எப்படி

குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பதென்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். கிளிநொச்சியில் வயல் எவ்வளவு பரந்து கிடந்தாலும் இரணைமடுக் குளத்துத் துருசு (மதகு) திறந்துவிடுகிற தண்ணீர் எட்டுகிற இடம்வரைதான் பயிர். பல கணக்குகளை ஒரே நேரத்தில் செய்யும் இணைக்கணிப்புச் சிப்பும் அப்படித்தான். பெருக்கிகளை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம், அவை மலிவு. அவற்றின் வாய்க்குத் தரவு நேரத்துக்குப் போய்ச் சேர்கிறதா என்பதுதான் வேகத்தை முடிவுசெய்கிறது.

2014 இல் சிப் ஆய்வாளர் மார்க் ஹோரோவிட்ஸ் வெளியிட்ட கணக்கு ஒன்று இந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். 45 நானோமீற்றர் சிப் ஒன்றில் ஒரு 8 பிட் பெருக்கலுக்கு ஆகும் சக்தி ஏறத்தாழ 0.2 பிக்கோஜூல். வெளியே இருக்கும் டிராம் நினைவகத்தை ஒருமுறை வாசித்துவர 1300 தொடக்கம் 2600 பிக்கோஜூல். பெருக்குவதைவிடப் பெருக்க வேண்டிய எண்ணை எடுத்துவருவதற்கு ஆயிரக்கணக்கான மடங்கு செலவு. இதை வாசித்துவிட்டு மறந்துபோகலாம். கையால் ஒரு சிப்பை வடிவமைத்து, அளந்து பார்த்தால் மறக்காது. அறிவியல் நகரில் பொறியியல் படிப்பவருக்கும் உயர்தரத்தில் தொழில்நுட்பம் எடுத்துத் தானாகவே வெரிலாக் (சுற்றுகளை எழுதும் மொழி) பழகுகிறவருக்கும் உதவும்படி, ஒரு சிறிய போர்டில் இதை முழுமையாகச் செய்யும் வழியைக் கீழே தருகிறோம். வேலை இதுதான்: இரண்டு தாயங்களை (எண்களை நிரை நிரலாக அடுக்கிய அட்டவணைகளை) பெருக்கும் 4 × 4 கல வரிசை. ஒவ்வொரு கலத்திலும் ஒரு பெருக்கி, ஒரு கூட்டி.

தேவையான பொருட்கள்

சிப்பீட் நிறுவனத்தின் டாங் நானோ 9கே போர்ட் ஒன்று. அதில் இருப்பது கோவின் நிறுவனத்தின் எஃப்பிஜிஏ, அதாவது உள்ளே இருக்கும் சுற்றை நாமே மாற்றி எழுதக்கூடிய சிப்: 8640 எல்யுடி (சிறு தருக்க அட்டவணை), 6480 பிளிப் பிளொப் (ஒரு பிட்டைப் பிடித்துவைப்பது), 26 பிளொக் ராம் (சிப்புக்குள் இருக்கும் நினைவகத் துண்டு), 20 பெருக்கிகள். எல்லாப் பகுதிகளையும் ஒரே தாளத்தில் நடத்தும் 27 மெகாஹெர்ட்ஸ் கிளாக் போர்டிலேயே உண்டு. தரவு கடத்தும் யுஎஸ்பி-சி வயர் ஒன்று. "தரவு கடத்தும்" என்பதைக் கவனியுங்கள். தொலைபேசி சார்ஜருடன் வரும் சில வயர்களுக்குள் மின்சாரக் கம்பி மட்டும்தான் ஓடும். போர்டின் விளக்கு எரியும், கணினிக்கு மட்டும் போர்ட் தெரியாது. போர்ட் பழுதென்று முடிவுகட்ட முதல் வயரை மாற்றிப் பாருங்கள்.

கணினி சாதாரண லப்டொப் போதும். லினக்ஸ் இருந்தால் நல்லது. மென்பொருளுக்கு ஓஎஸ்எஸ் கேட் சூட் என்ற தொகுதியை இறக்குங்கள். யோசிஸ் (வெரிலாக்கைச் சுற்றாகத் தொகுப்பது), நெக்ஸ்ட்பிஎன்ஆர், அப்பிக்குலா, இகாரஸ் (சிமுலேட்டர்), வெரிலேட்டர், ஜிடிகே வேவ், ஓப்பன் எஃப்பிஜிஏ லோடர் எல்லாம் அந்த ஒரே பொதிக்குள் இருக்கின்றன, அனைத்தும் இலவசம். பல நூறு எம்பி என்பதால் தொலைபேசி டேட்டாவில் இறக்கினால் பாதியில் நின்றுபோகும். இணைப்பு நன்றாக இருக்கும் இடத்தில் ஒருமுறை இறக்கி பென்டிரைவில் வைத்துக்கொண்டால் ஒரு வகுப்புக்கே பகிரலாம். நிறுவத் தேவையில்லை, பொதியை விரித்து அதற்குள் இருக்கும் சூழல் கோப்பை இயக்கினால் போதும்.

போர்டை இரும்பு மேசையில் வெறுமனே வைக்க வேண்டாம். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பின்கள் இரும்பில் முட்டிக் குறுக்குச் சுற்று ஆகும். ஒரு அப்பியாசக் கொப்பி மட்டையின் மேல் வையுங்கள்.

ஒரு கலம்

முழு வடிவமைப்பும் ஒரே ஒரு கலத்தின் 16 பிரதிகள். 1970களின் கடைசியில் எச். டி. குங், சார்ள்ஸ் லீசர்சன் இருவரும் முன்வைத்த சிஸ்டொலிக் வரிசை என்ற அமைப்பு இது. இதயம் இரத்தத்தைத் தள்ளுவதுபோல ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் தரவு பக்கத்துக் கலத்துக்குத் தள்ளப்படும். முதல் தாயத்தின் எண்கள் இடமிருந்து வலமாக, இரண்டாம் தாயத்தின் எண்கள் மேலிருந்து கீழாக. கலம் தன்னிடம் வந்த இரண்டையும் பெருக்கித் தன் கூட்டுத்தொகையில் சேர்த்துவிட்டு, அவற்றை அப்படியே அயலுக்குக் கொடுத்துவிடும். நினைவகத்திலிருந்து ஒருமுறை வாசித்த எண் நான்கு கலங்களுக்குப் பயன்படுகிறது. மேல்வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் கடவான் வழியாகக் கீழ்வயலுக்கு இறங்குவதைப்போல.

கலத்துக்குள் நடப்பதை இப்படி எழுதலாம்:

ஒவ்வொரு கிளாக் ஏற்றத்திலும்
வலப்பக்க வெளி ← இடப்பக்க உள்
கீழ்ப்பக்க வெளி ← மேற்பக்க உள்
முதற்குறி 1 எனில், கூட்டுத்தொகை ← பெருக்கம்
இல்லையேல், கூட்டுத்தொகை ← கூட்டுத்தொகை + பெருக்கம்

முதற்குறி என்பது முதல் தாயத்தின் தரவோடு கூடவே இடமிருந்து வலமாகப் பயணிக்கும் ஒரு பிட். புதிய கணக்கின் முதல் எண் வந்துவிட்டது, பழைய தொகையை மறந்துவிடு என்பதுதான் அதன் செய்தி. எல்லாக் கலங்களையும் ஒரே நேரத்தில் அழிக்கும் கம்பி ஒன்றைப் போடலாமே என்று தோன்றும். போட வேண்டாம். வேறு வேறு கலங்கள் வேறு வேறு துடிப்பில் வேலையை முடிக்கின்றன, ஒரே அடியில் அழித்தால் கடைசி மூலைக் கலத்தின் விடை போய்விடும்.

அகலங்கள்: உள்ளே வரும் எண்கள் 8 பிட், + − குறியுடன். கூட்டுத்தொகை 24 பிட். ஏன் 24? குறியுள்ள 8 பிட்டில் மிகப் பெரிய பெருக்கம் −128 × −128 = 16,384. அதை 128 தரம் கூட்டினால் 20,97,152. குறியோடு அதை வைக்க 23 பிட் வேண்டும். மூன்று பைட்டாக அனுப்ப வசதியாக 24 என்று வைத்துக்கொள்கிறோம்.

ஒரு கலத்துக்கு 8 + 8 + 24 = 40 பிளிப் பிளொப், முதற்குறிக்கு இன்னொன்று. 16 கலத்துக்கு 656. இருப்பது 6480. எல்யுடியைப் பார்த்தால், ஒரு 8 பிட் பெருக்கி எல்யுடிகளால் மட்டும் கட்டப்பட்டால் நூறை ஒட்டி எடுக்கும். யோசிஸின் உங்கள் பதிப்பு சிப்பிலுள்ள ஆயத்தப் பெருக்கிகளைப் பயன்படுத்தினாலும் சரி, எல்யுடியால் கட்டினாலும் சரி, 16 கலமும் இந்தப் போர்டில் தாராளமாக அடங்கும். எது நடந்தது என்பதைத் தொகுப்பு அறிக்கையின் எண்ணிக்கைப் பகுதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலரும் விழும் குழிகள் இரண்டு.

முதலாவது, கிளாக் பகுதிக்குள் = போடுவது. <= தான் போட வேண்டும். = போட்டால் அந்த வரி முடிந்த கணமே மதிப்பு மாறிவிடும். ஒரு கலத்தின் வெளியீட்டை அடுத்த கலம் பழையதாக வாசிக்குமா புதியதாக வாசிக்குமா என்பது சிமுலேட்டர் எந்த ஒழுங்கில் ஓட்டுகிறது என்பதில் தங்கிவிடும். நான்கு துடிப்பில் நகர வேண்டிய எண் ஒரே துடிப்பில் கோடிவரை பாய்ந்ததுபோலக் காட்டும். போர்டில் ஏற்றினால் வேறு விடை வரும். சிமுலேஷனில் சரி, போர்டில் பிழை என்று வந்தால் தேட வேண்டிய முதல் இடம் இதுதான்.

இரண்டாவது, குறி தொலைவது. வெரிலாக்கில் ஒரு கோவையில் ஒரு பக்கம் குறியில்லாத எண்ணாக இருந்தால் முழுக் கோவையும் குறியில்லாததாகக் கணிக்கப்படும். இன்னும் மோசமானது: 32 பிட் சொல்லிலிருந்து 8 பிட்டை வெட்டி எடுத்தால், மூலச் சொல் குறியுள்ளது என்று அறிவித்திருந்தாலும் வெட்டிய துண்டு குறியில்லாதது. −1 × 3 க்கு விடை −3 வராமல் 765 வந்தால், அதாவது 255 × 3, உங்கள் பிழை இதுதான். வெட்டிய துண்டை முதலில் குறியுள்ள 8 பிட் வயர் ஒன்றுக்குக் கொடுத்து, அந்த வயரைப் பெருக்கலில் பயன்படுத்துங்கள்.

சரிவு: 2 × 2 இல் கையால் ஓட்டிப் பாருங்கள்

சிஸ்டொலிக் வரிசையில் மூளையைக் குழப்பும் ஒரே இடம் தரவைச் சரிவாக ஊட்டுவது. முதல் நிரை உடனே உள்ளே போகும், இரண்டாம் நிரை ஒரு துடிப்பு தாமதமாக, மூன்றாம் நிரை இரண்டு துடிப்பு தாமதமாக. நிரல்களுக்கும் அப்படியே. கோட்டை எழுதமுன் கடதாசியில் சிறியதொன்றை ஓட்டிப் பார்க்காதவர்கள் இந்த இடத்தில் நாட்களைத் தொலைப்பார்கள்.

முதல் தாயத்தின் நிரைகள் 1 2 என்றும் 3 4 என்றும் இருக்கட்டும். இரண்டாம் தாயத்தின் நிரைகள் 5 6, 7 8. விடை 19 22, 43 50 என்று வர வேண்டும்.

துடிப்பு 1: மேல் இடக் கலத்துக்கு மட்டும் வேலை. 1 × 5 = 5.
துடிப்பு 2: மேல் இடம் 5 + 2 × 7 = 19, அது முடிந்தது. மேல் வலத்துக்கு 1 வந்து சேர்கிறது, மேலிருந்து 6: பெருக்கம் 6. கீழ் இடத்துக்குத் தாமதமான 3, மேலிருந்து இறங்கிய 5: பெருக்கம் 15.
துடிப்பு 3: மேல் வலம் 6 + 2 × 8 = 22. கீழ் இடம் 15 + 4 × 7 = 43. கீழ் வலம் 3 × 6 = 18.
துடிப்பு 4: கீழ் வலம் 18 + 4 × 8 = 50.

நான்கு துடிப்பு. 4 × 4 வரிசையில் கூட்டல் நீளம் எத்தனையோ அதோடு 6 துடிப்பு: நீளம் 4 என்றால் 10, நீளம் 128 என்றால் 134. தரவு இல்லாத துடிப்புகளில் பூச்சியத்தை ஊட்டுங்கள், அப்போது கூட்டுத்தொகை கெடாது. தாமதத்துக்கான ரெஜிஸ்டர்கள் (எண்ணைப் பிடித்துவைக்கும் பிளிப் பிளொப் கூட்டங்கள்) ஒரு பக்கத்துக்கு 0 + 1 + 2 + 3 = 6 பைட், இரண்டு பக்கத்துக்கும் 12 பைட், அதாவது 96 பிளிப் பிளொப். முதற்குறியும் நிரையோடு சேர்ந்து அதே அளவு தாமதமாக வேண்டும். இதை மறந்தால் முதல் நிரை சரியாக வந்து மற்ற மூன்று நிரைகளிலும் பிழை வரலாம்.

சோதனையை இகாரஸில் ஓட்டி, அலைவடிவத்தை ஜிடிகே வேவில் திறந்து, மேலே உள்ள அட்டவணையோடு துடிப்புத் துடிப்பாக ஒப்பிடுங்கள். அதன் பிறகுதான் எழுமாறான எண்கள். பைத்தனில் நம்பை என்ற கணித நூலகம் கொண்டு ஆயிரம் சோடித் தாயங்களை உருவாக்கி, விடைகளைக் கோப்பில் எழுதி, சிமுலேஷனின் விடைகளோடு ஒப்பிட வேண்டும். அந்த ஆயிரத்துக்குள் எல்லா உறுப்பும் −128 ஆன ஒரு சோடியைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். அகலம் குறைவாக இருந்தால் அது ஒன்றே காட்டிக்கொடுக்கும்.

போர்டில் ஏற்றுதல்

பின் ஒதுக்கீடு: கிளாக் 52. கணினியோடு ஒற்றைக் கம்பியில் பிட் பிட்டாகப் பேசும் சீரியல் இணைப்புக்கு அனுப்பி 17, வாங்கி 18. ஆறு எல்ஈடிகள் 10, 11, 13, 14, 15, 16 இல். அவை 0 கொடுத்தால் எரியும், 1 கொடுத்தால் அணையும். எல்ஈடியும் பட்டன்களும் (3, 4) இருக்கும் பகுதி 1.8 வோல்ட்டில் ஓடுகிறது. வெளியிலிருந்து 3.3 வோல்ட்டை அந்தப் பின்களில் மாட்ட வேண்டாம்.

யோசிஸில் கோவினுக்கான தொகுப்பு, நெக்ஸ்ட்பிஎன்ஆரில் இடவமைப்பும் இணைப்பும், அப்பிக்குலாவின் பொதியாக்கி, கடைசியாக லோடர். இந்த நான்கையும் ஒரு மேக் கோப்பில் எழுதி வையுங்கள், ஒவ்வொரு முறையும் தட்டச்சுச் செய்தால் ஒருநாள் பழைய கோப்பை ஏற்றிவிட்டுப் பிழையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். நெக்ஸ்ட்பிஎன்ஆரின் அறிக்கையில் உச்ச அதிர்வெண் என்ன என்று பாருங்கள். 27 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு துடிப்புக்கு 37 நானோசெக்கன். அதற்குள் பெருக்கமும் கூட்டலும் முடிய வேண்டும். முடியாவிட்டால் பெருக்கத்துக்கும் கூட்டலுக்கும் இடையில் ஒரு ரெஜிஸ்டரை வையுங்கள். எல்லாக் கலங்களும் ஒரே அளவு, ஒரு துடிப்பு, பிந்தும். ஆனால் முதற்குறியையும் கலத்துக்குள் அதே ஒரு துடிப்பு பிந்தவைக்க வேண்டும்.

லினக்ஸில் போர்டைச் செருகியதும் இரண்டு சீரியல் வாயில்கள் தோன்றும். ஒன்று நிரல் ஏற்றுவதற்கு, மற்றது உங்கள் தரவுக்கு. வழக்கமாகக் கூடிய இலக்கமுள்ளதுதான் தரவுக்கானது. அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் பயனரை டயலவுட் குழுவில் சேர்த்து, வெளியேறித் திரும்ப உள்நுழையுங்கள்.

சாதாரணமாக ஏற்றினால் வடிவமைப்பு சிப்பின் எஸ்ராமில்தான் இருக்கும், கரண்ட் போனால் அழிந்துவிடும். பரீட்சித்துப் பார்க்கும் நாட்களில் அதுவே நல்லது, ஏற்றுவதும் விரைவு. வேலை முடிந்ததும் பிளாஷில் எழுதுங்கள். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த நாட்டில் இது சிறிய விடயமல்ல. போர்டுக்கு 5 வோல்ட் யுஎஸ்பி போதும் என்பதால் பவர் பேங்கிலும் ஓடும். ஆனால் போர்ட் இழுக்கும் மின்னோட்டம் குறைவு. சில பவர் பேங்குகள் எதுவும் மாட்டப்படவில்லை என்று எண்ணித் தாமாகவே நின்றுவிடும். அப்படியானால் லப்டொப் பற்றரியிலிருந்தே கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுப் பற்றரியில் வேலை செய்யுங்கள். ஆளியை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவ வேண்டும்.

சீரியல் வாங்கியில் வரும் குறியை நேரே பயன்படுத்தாமல் இரண்டு பிளிப் பிளொப்களுக்கூடாக எடுங்கள். வெளியே இருந்து வருவது உங்கள் கிளாக்கோடு சேர்ந்து மாறாது. இதைச் செய்யாவிட்டால் ஆயிரத்தில் ஒரு பைட் காரணமில்லாமல் கெடும், அந்தப் பிழையைப் பிடிக்கவே முடியாது. வேகம் 1,15,200 என்றால் 27,000,000 ÷ 1,15,200 = 234.375. 234 என்று வைத்தால் வித்தியாசம் 0.16 சதவீதம், பாதிப்பில்லை.

இப்போது அளவுங்கள்

இதுவரை செய்தது முன்வேலை. பாடம் இங்கேதான் இருக்கிறது.

16 கலம், 27 மெகாஹெர்ட்ஸ்: செக்கனுக்கு 43 கோடியே 20 இலட்சம் பெருக்கிக்கூட்டல். கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது ஒரு 4 × 4 தாயப் பெருக்கத்தை லப்டொப்பிலிருந்து அனுப்பி விடையை வாங்குங்கள். போவது 32 பைட், வருவது 16 விடை × 3 பைட் = 48. மொத்தம் 80 பைட். 1,15,200 வேகத்தில் செக்கனுக்கு 11,520 பைட், ஆகவே கடத்தலுக்கு 6.94 மில்லிசெக்கன். கணக்குக்கு 10 துடிப்பு, 0.37 மைக்ரோசெக்கன். ஒரு பங்கு நேரம் கணக்குக்கு, 18,750 பங்கு நேரம் கடத்தலுக்கு. 16 கலத்தை 64 ஆக்கினாலும், கிளாக்கை இரட்டித்தாலும் லப்டொப்பின் முன் இருப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆகவே வாய்க்காலில் கை வைப்போம். பெருக்கிகளை இனித் தொடவே மாட்டோம்.

முதலில் சிப்புக்குள்ளேயே ஒரு குளம் கட்டுவது. 26 பிளொக் ராம்களில் ஒவ்வொன்றையும் 512 சொல் × 32 பிட்டாக அமைக்கலாம். 128 × 128 தாயம் ஒன்று 16,384 பைட், அதாவது 8 பிளொக். இரண்டு தாயத்துக்கு 16. மிச்சம் 10. விடைத் தாயத்துக்கு 49,152 பைட் வேண்டும், அது உள்ளே அடங்காது. எனவே 4 × 4 துண்டாகக் கணக்கிட்டு, துண்டு முடிய முடிய வெளியே அனுப்புங்கள். 32 பிட் ஏன் என்றால், ஒவ்வொரு துடிப்புக்கும் நான்கு நிரைகளுக்கு ஒவ்வொரு பைட் ஒரே வாசிப்பில் கிடைக்க வேண்டும். நான்கு நிரைகளின் ஒரே நிரல் உறுப்புகள் ஒரு சொல்லில் அருகருகே இருக்குமாறு தரவை ஒழுங்குபடுத்த வேண்டும். இந்த மறுஒழுங்கைச் சிப்புக்குள் செய்யப் போகாதீர்கள். பைத்தனில் ஒரு வரியில் செய்துவிட்டு அனுப்புங்கள்.

பிளொக் ராமில் இரண்டு இடறல்கள். வாசிப்பைக் கிளாக்குக்குள் எழுதாவிட்டால் யோசிஸ் அதைப் பிளொக் ராமாக அடையாளம் காணாது. 1,31,072 பிட்டைப் பிளிப் பிளொப்பிலும் எல்யுடியிலும் அடைக்கப் பார்த்து, இடமில்லை என்று நின்றுவிடும். மற்றது, முகவரி கொடுத்து ஒரு துடிப்பின் பிறகுதான் தரவு வரும். முதற்குறியையும் அதே ஒரு துடிப்பு தாமதப்படுத்தாவிட்டால் ஒவ்வொரு துண்டின் கூட்டலும் ஓர் உறுப்பு முன்னதாகத் தொடங்கி, முந்தைய துண்டின் கடைசி எண்ணை விழுங்கிவிடும். விடைகள் கிட்டத்தட்டச் சரி, ஆனால் ஒன்றும் சரியில்லை என்று இருந்தால் இதுவே காரணம்.

1024 துண்டு, துண்டுக்கு 134 துடிப்பு: 1,37,216 துடிப்பு, 5.08 மில்லிசெக்கன். கடத்தல்: 32,768 பைட் உள்ளே, 49,152 பைட் வெளியே, 7.11 செக்கன். விகிதம் 18,750 இலிருந்து 1400 க்கு இறங்கிவிட்டது. உள்ளே வந்த ஒரு பைட் 4 × 4 பெருக்கத்தில் நான்கு பெருக்கலுக்கு மட்டும் உதவியது. இப்போது அதே பைட் 128 பெருக்கலுக்கு உதவுகிறது.

அடுத்து, துருசை அகலப்படுத்துவது. 27 மெகாஹெர்ட்ஸை 27 ஆல் வகுத்தால் சரியாக 10,00,000. சீரியல் வேகத்தை அதற்கு மாற்றுங்கள்: செக்கனுக்கு ஒரு இலட்சம் பைட். மொத்தக் கடத்தல் 0.82 செக்கன், விகிதம் 161. மாற்றிய கையோடு 10,000 எழுமாறான பைட்டுகளை அனுப்பி அப்படியே திருப்பி வாங்கி ஒப்பிடுங்கள். ஒரு பைட் பிசகினாலும் 5,00,000 க்கு இறக்குங்கள், வகுப்பான் 54. கடத்தல் சரியென்று உறுதியாகாமல் தாயக் கணக்கில் பிழை தேடுவது வீண்.

மூன்றாவது, தேவையில்லாததைக் கடத்தாமல் விடுவது. பல வேலைகளில் இரண்டாம் தாயம் மாறாது: படங்களை வடிகட்டுவது, பழக்கிய நரம்பு வலையமைப்பை ஓட்டுவது போன்றவை. அதை ஒருமுறை ஏற்றி உள்ளேயே விட்டுவிடுங்கள். விடையையும் 24 பிட்டாக அனுப்பாமல் வலப்பக்கம் நகர்த்தி, எல்லை தாண்டியதை 127 இலும் −128 இலும் நிறுத்தி, ஒரு பைட்டாக அனுப்பலாம். துல்லியம் குறையும், மேற்சொன்ன வேலைகளுக்கு அது போதும். கணக்கு வழக்குக்கு இதைச் செய்யக்கூடாது. இப்போது 16,384 உள்ளே, 16,384 வெளியே: 0.33 செக்கன். விகிதம் 65 ஐ ஒட்டி.

18,750, 1400, 161, 65. பெருக்கிகள் அதே 16, கிளாக் அதே 27.

இந்த இடத்தில் ஒரு ஆசை வரும். துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் வீணாகும் 6 துடிப்பை மிச்சம்பிடிக்க, பழைய விடையைத் தனி ரெஜிஸ்டரில் தள்ளிவிட்டு அடுத்த துண்டை உடனே தொடங்கலாம். அழகான வேலைதான். கிடைப்பது 0.2 மில்லிசெக்கன், 330 இல். செய்ய வேண்டாம். கிளாக்கைப் பெருக்கித் தரும் பிஎல்எல் சுற்றைக் கொண்டு அதை 54 ஆக்கினாலும் 2.5 மில்லிசெக்கன்தான் மிச்சம். அந்த நேரத்தைக் கடத்தலும் கணக்கும் ஒரே வேளையில் நடக்கும்படி செய்வதில் செலவிடுங்கள். சீரியலுக்கு இரு திசையும் தனித்தனிக் கம்பி. ஒரு துண்டின் விடை வெளியே போகும்போதே அடுத்த தாயம் உள்ளே வரலாம், மிச்சமிருக்கும் 10 பிளொக்கில் 8 அதற்குப் போதும். கடத்தல் நேரம் பாதியாகும்.

பெரியவர்களும் இதே சுவரில்தான் முட்டுகிறார்கள். 2015 இல் கூகிள் தன் தரவு நிலையங்களில் பயன்படுத்தத் தொடங்கிய முதல் டிபியு, அதாவது நரம்பு வலையமைப்புக் கணக்குக்கென்றே செய்த சிப், நீங்கள் கட்டியதன் 256 × 256 வடிவம்: 65,536 எட்டு பிட் கலங்கள், 700 மெகாஹெர்ட்ஸ். 2017 இல் வந்த அதன் ஆய்வுக் கட்டுரையில் அளந்த ஆறு வேலைகளில் நான்கு நினைவக வேகத்தால் மட்டுப்பட்டிருந்தன. செக்கனுக்கு 34 ஜிகாபைட் கொடுத்தும் கலங்கள் காத்துக்கிடந்தன.

உண்மையான சிலிக்கனுக்கு அனுப்புவதானால்

டைனி டேப்அவுட் போன்ற பகிர்வுத் திட்டங்களில் பலரது வடிவமைப்புகள் ஒரே சிப்பில் சேர்த்து அச்சிடப்படுகின்றன. ஸ்கைவாட்டர் நிறுவனத்தின் 130 நானோமீற்றர் தொழில்நுட்பத்தில் ஒரு ஓட்டின் (சிப்பில் வடிவமைப்புக்கு ஒதுக்கும் கட்டத்தின்) அளவு சுமார் 160 × 100 மைக்ரோமீற்றர், அதற்குள் ஏறத்தாழ ஆயிரம் கேட் அடங்கும். பிளொக் ராம் கிடையாது. பின்கள் 24: எட்டு உள், எட்டு வெளி, எட்டு இருபக்கம். கிளாக்கும் ரீசெட்டும் தனி.

இங்கே பின்களிலிருந்து தொடங்குங்கள். 4 × 4 வரிசைக்கு ஒரு துடிப்புக்கு 64 பிட் வேண்டும். உள்ளே விடக்கூடியது 16. எனவே 2 × 2, நான்கு பிட் எண்கள்: துடிப்புக்கு நான்கு எண், சரியாக 16 பிட். இருபக்கப் பின்களை உள்பக்கமாகவே வைத்துவிடுங்கள். கூட்டுத்தொகை 12 பிட். −8 × −8 = 64 என்பதால் 31 உறுப்புவரை நிரம்பி வழியாது. கூட்டல் நீளத்தை 16 என்று நிலையாக வைத்தால் முதற்குறிக்கெனத் தனிப் பின் வேண்டாம், ரீசெட்டே கூட்டுத்தொகையை அழிக்கும், உள்ளே ஒரு எண்ணி துடிப்புகளைக் கணக்கெடுக்கும். 18 துடிப்பில் கணக்கு முடியும். நான்கு விடை × 12 பிட் = 48 பிட், எட்டு வெளிப்பின்களில் 6 துடிப்பு. ஒரு சுற்று 24 துடிப்பு. ஒரு ஓட்டில் அடைக்கப் பார்த்து இணைப்பு நெருக்கடியில் சிக்குவதைவிட இரண்டு ஓடு கேட்பது நல்லது. அனுப்பமுன் அதே கோப்பை டாங் நானோவில் ஏற்றி, பின்களை ஆர்டுயினோ ஒன்றால் இயக்கி, 24 துடிப்பையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அச்சான பிறகு ஒரு கம்பியைக்கூட மாற்ற முடியாது.